உப்பின் மேலேயா, உள்ளேயா: ஆனையிறவுப் பளிங்கில் ஒரு பரிசோதனை

கடைசியில் வேலை செய்தது. மாமி வீட்டுச் சாக்கிலிருந்து எடுத்த உப்புப் பளிங்குகள் சிலவற்றின் உள்ளே நுண்ணங்கிகள் உயிரோடு இருந்தன. அவை மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வந்தவை இல்லை என்று இப்போது நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. போத்தலில் இளஞ்சிவப்பு நிறம் வர வைப்பது சுகம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

மாமி முல்லைத்தீவில் கருவாடு போடுகிறவர். அவருடைய கொட்டில் மூலையில் ஆனையிறவு உப்பளத்துக் கட்டி உப்பு ஒரு சாக்கு பல வருடமாகக் கிடந்தது. அரைக்காத, அயடீன் சேர்க்காத, பாத்தியிலிருந்து அள்ளியபடியே வந்த உப்பு. “உந்தச் சாக்கைத் தொடாத தம்பி, உதைப் போட்டால் மீன் சிவந்திடும்” என்றார். “எந்த வருசத்து உப்பு மாமி?” என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும், உன்ர மாமா இருக்கேக்க ஏத்தினது.”

மீன் சிவக்கும் என்று அவர் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. உப்பிட்ட மீனையும் தோலையும் சிவக்க வைப்பது ஹலோபக்டீரியம் போன்ற உப்பு விரும்பி நுண்ணங்கிகள். பெயரில் பக்டீரியம் என்று இருந்தாலும் அவை ஆர்க்கியா வகை, பக்டீரியாவிலிருந்து வேறான தனி நுண்ணங்கிப் பிரிவு. கோடை முற்றும்போது உப்பளப் பாத்திகள் இளஞ்சிவப்பாக மாறுவதற்கும் அவைதான் முக்கிய காரணம். உப்பு பளிங்காகும்போது பாத்தி நீரில் கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதோடு நுண்ணங்கியும் சிக்கும். அப்படிச் சிக்கியது உள்ளேயே உயிரோடு இருக்கக்கூடும் என்று நோர்ட்டன், கிராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1988இலேயே பரிசோதித்துக் காட்டினார்கள். வன்னி உப்பில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பள்ளிக்கூடத்தில் உயர்தர உயிரியல் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் வேலை, பளிங்குக்குள் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் உப்புக்கட்டியை அப்படியே வைத்தால் ஒன்றும் தெரியாது. மேற்பரப்பெல்லாம் கீறல், வெளிச்சம் சிதறிப் போகும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதில் கொஞ்சம் தெளிந்தது. பிறகுதான் கராம்பு எண்ணெய் நினைவுக்கு வந்தது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டுகிற முறிவுச் சுட்டி உப்புப் பளிங்குக்கு 1.54, கராம்பு எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.53. இரண்டும் இவ்வளவு கிட்ட இருப்பதால் எண்ணெய்க்குள் பளிங்கின் ஓரமே மறைந்துவிடும். உள்ளே இருக்கிற நீர்ப்பைகள் மட்டும் தனியே தெரியும். பார்மசியில் பல்வலிக்கு விற்கிற சின்னப் போத்தல், 350 ரூபா. பளிங்கைப் பிளக்கச் சவர பிளேட்டை அதன் முகத்துக்குச் சமாந்தரமாக வைத்து, பின்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. உப்பு தன் தளத்தில் நேராகப் பிளக்கும். ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் தகடு எடுத்தால் நல்லது.

அந்தக் காட்சியைப் பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெறுங்கண்ணுக்குப் பால்வெள்ளையாகத் தெரிந்த பட்டி முழுவதும் மிகச் சின்னச் சதுரப் பெட்டிகள், ஒவ்வொன்றும் மூலை மடியாத கனசதுரம், வரிசை வரிசையாக. பளிங்கு அவசரமாக வளர்ந்த இடத்தில் நீர் நிறையச் சிக்கி வெள்ளையாகிறது, ஆறுதலாக வளர்ந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. பெரிய பெட்டிகள் சிலவற்றில் நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. அதை உயிர் என்று எழுத நான் விடவில்லை. தூசித் துணிக்கையும் நீருக்குள் அப்படித்தான் துடிக்கும்.

2022இல் ஷ்ரேடர்-கோம்ஸ், பெனிசன் குழுவினர் மத்திய அவுஸ்திரேலியாவின் 83 கோடி வருடப் பழைய உப்பில் நுண்ணங்கி போன்ற பொருட்களைக் கண்டபோது, வடிவத்தையும் பருமனையும் மட்டும் பார்க்கவில்லை. புற ஊதா ஒளியில் அவை ஒளிர்கிற விதத்தையும் பார்த்தார்கள். நானும் நோட்டுப் பார்க்கிற ஊதா ரோச் ஒன்று வாங்கிப் பார்த்தேன். 395 நனோமீற்றர் வகை. அதில் கண்ணுக்குத் தெரிகிற ஊதாவே கூட, ஒளிர்வை அது மூடிவிடுகிறது. அந்த 900 ரூபாவால் பயன் இல்லை. வாங்குகிறவர்கள் 365 வகையைத் தேடுங்கள், முன்னால் வடி வில்லையும் வேண்டும்.

இன்னொன்று: கராம்பு எண்ணெய் பட்ட பளிங்கை வளர்ப்புக்கு எடுக்கக் கூடாது. அந்த எண்ணெய் கிருமி கொல்லி. பார்ப்பதற்கு ஒரு தொகுதி, வளர்ப்பதற்கு வேறு தொகுதி என்று பிரித்து வைத்தோம்.

அடுத்தது வளர்ப்பு ஊடகம். புத்தகக் கணக்கு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 250 கிராம், மகனீசியம் சல்பேற்று 20, சோடியம் சிற்றேற்று 3, பொற்றாசியம் குளோரைட்டு 2, பெப்டோன் 10. உப்புக்குப் பிரச்சினை இல்லை. மகனீசியத்துக்கு எப்சம் உப்பு. பொற்றாசியத்துக்கு வயலுக்குப் போடுகிற எம்ஓபி உரம், சிவப்பில்லாத வெள்ளை வகை, வடிகட்டிய கரைசலாக. பெப்டோன் ஆய்வுகூட அலுமாரியில் பழைய போத்தல் ஒன்று இருந்தது. எல்லாம் சரியாகக் கலந்தும் ஒன்றும் வளரவில்லை. உப்பளத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த இளஞ்சிவப்புப் பாத்தி நீரை நேரே ஊற்றினாலும் இரண்டு மூன்று நாளில் நிறம் வெளிறிப்போனது.

உப்பு அளவைக் கூட்டினோம், குறைத்தோம், வெப்பத்தை மாற்றினோம். காரணம் பெப்டோனாக இருக்கலாம் என்று பிறகுதான் வாசித்தேன். சில வகைப் பெப்டோனில் பித்த அமிலம் கலந்திருக்கும், அது இந்த நுண்ணங்கிகளின் சுவரைக் கரைத்துவிடும். உடனே பக்கத்துப் பக்கமாக இரண்டு போத்தல் வைத்தோம். உப்பெல்லாம் ஒன்று, ஒன்றில் அதே பெப்டோன், மற்றதில் அதற்குப் பதில் லீற்றருக்கு 5 கிராம் மாமைட். மாமைட் என்பது மதுவச் சாறுதானே. மாமைட் போத்தல் ஒரு கிழமைக்குள் கலங்கிச் சிவந்தது. அன்றிலிருந்து பெப்டோனைத் தொடவில்லை. ஒரு மில்லிலீற்றர் கிளிசரினும் சேர்த்துக்கொள்கிறோம். உப்பளத்தில் வாழ்கிற டுனலியெல்லா அல்கா தன்னைக் காப்பாற்றக் கிளிசரோலை, அதாவது இதே கிளிசரினைத்தான் தனக்குள் நிரப்பி வைக்கிறது. அது சாகும்போது வெளியேறுகிற கிளிசரோல் இவற்றுக்குச் சாப்பாடு.

கிருமியழிப்புக்குப் பிரஷர் குக்கர், வெயிற் போட்டு விசில் வந்த பிறகு மெல்லிய நெருப்பில் 25 நிமிடம். அலுமினியக் குக்கரில் உப்புநீர் சிந்தினால் அடியில் குழி குழியாக அரித்துவிடும். போத்தல்களை எவர்சில்வர் பாத்திரத்துக்குள் நிறுத்தி அந்தப் பாத்திரத்தைக் குக்கருக்குள் வையுங்கள். அடர்த்தி பார்க்க நீரடர்த்திமானி தேடி அலையத் தேவையில்லை. 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்துச் சின்ன இலத்திரனியல் தராசில் நிறுத்தால் போதும். நிரம்பிய உப்புநீர், அதாவது இனி உப்புக் கரையாத அளவுக்குச் செறிந்தது, 12 கிராம் காட்டும். எங்கள் ஊடகம் 11.5 அளவில் நின்றது.

உப்பைப் புத்தகத்தில் உள்ள 250க்குப் பதில் 220 கிராமாகக் குறைத்தது கணக்குப் பார்த்துத்தான். எட்டு மில்லிமீற்றர்ப் பளிங்கு ஒன்று ஏறத்தாழ 1.1 கிராம். அது 20 மில்லிலீற்றர் ஊடகத்தில் கரைந்தால் உப்பு லீற்றருக்கு 55 கிராம் கூடும். 220இல் தொடங்கினால் பளிங்கு முழுதாகக் கரைந்த பிறகும் நிரம்பாது. 250இல் தொடங்கினால் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், கடைசித் துண்டு கரையாமல் கிடந்து இழுபடும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சாக்குப் பளிங்கை எரிசாராயத்தில் கழுவி, ஊடகத்தில் போட்டோம். சிவந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். ஆனால் அந்தச் சாக்கு கருவாட்டுக் கொட்டிலில் கிடந்தது. மேலே ஒட்டியிருந்ததா, உள்ளே இருந்ததா என்று அந்தச் சிவப்பு சொல்லாது. இதே கேள்வியில்தான் பெரிய ஆய்வாளர்களும் மாட்டுப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டில் வ்ரீலண்ட், ரோசென்ஸ்வைக், பவர்ஸ் மூவரும் நியூ மெக்சிக்கோ நிலத்தடி உப்பில், 25 கோடி வருடப் பளிங்கொன்றின் நீர்ப்பையிலிருந்து பக்டீரியா ஒன்றை வளர்த்ததாக எழுதினார்கள். மேற்பரப்பைக் கடும் காரத்திலும் அமிலத்திலும் கழுவியிருந்தார்கள். அப்படியிருந்தும் அதன் மரபணு இன்றைய இனங்களுக்கு மிகவும் கிட்ட இருக்கிறதே என்று மற்றவர்கள் கேட்டார்கள். இன்றுவரை அது முழுதாகத் தீரவில்லை.

எங்களிடம் மரபணு வாசிக்க வசதி இல்லை. அதனால் கேள்வியையே போத்தல்களாகப் பிரித்தோம். நிரம்பிய உப்பு ஊடகத்தில் பளிங்கு கரையாது. அடியில் சுட்ட உப்புக் கொஞ்சம் மிச்சமாகக் கிடந்தால் எப்போதும் நிரம்பியே இருக்கும். ஆகவே அங்கே எது வளர்ந்தாலும் அது பளிங்கின் வெளிப்பக்கத்திலிருந்து வந்தது. நிரம்பாத ஊடகத்தில் பளிங்கு கரையும், உள்ளே இருப்பதும் வெளியே வரும். ஒரே மாதிரிக் கழுவிய பளிங்குகளில் பாதி அங்கே, பாதி இங்கே. நிரம்பிய ஊடகம் தெளிவாக இருந்து, மற்றது சிவந்தால் ஆள் உள்ளே இருந்தவர்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. நிரம்பிய உப்பில் அவை வளரவே மாட்டாவோ என்னவோ? அதற்காக அதே நிரம்பிய ஊடகத்தில் ஒரு சொட்டு உயிருள்ள சிவப்பு நீர் விட்டு ஒரு போத்தல். அது ஆறுதலாகத்தான் வளர்ந்தது, ஆனால் வளர்ந்தது. பிறகு பளிங்கே போடாத போத்தல் ஒன்று. கொதிக்க வைத்து வடித்த உப்புநீரில் நாங்களே வளர்த்த சுத்தமான பளிங்கு போட்ட போத்தல் ஒன்று. எல்லாவற்றையும் விடக் கடுமையானது கடைசி: எங்கள் சுத்தமான பளிங்கின் வெளியில் சிவப்பு நீரைப் பூசிக் காய வைத்து, மற்றவற்றைப் போலவே கழுவி, நிரம்பாத ஊடகத்தில் போடுவது. அது சிவந்தால் எங்கள் கழுவல் போதாது என்று அர்த்தம்.

சிவந்தது. எரிசாராயம் போதவில்லை. பிளீச்சுக்கு மாறி இரண்டு நிமிடம் வைத்தோம், அப்போதும் சில சிவந்தன. லென்ஸில் பார்த்தபோது சிவந்தவை எல்லாம் மயிர்க்கோடு மாதிரி வெடிப்புள்ள பளிங்குகள். வெடிப்புக்குள் பூசிய நீர் போயிருக்கிறது, பிளீச் அவ்வளவு தூரம் போகவில்லை. அதன் பிறகு எடுத்த முறைதான் இப்போது வைத்திருப்பது: வெடிப்பில்லாத பளிங்கு மட்டும், வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, நிரம்பிய உப்புநீர் நாலு பங்கு, அதில் மேலும் உப்புப் போட்டுக் கரையாமல் நிற்கும்வரை கலக்கி, பளிங்கைப் பத்து நிமிடம் அதில் உருட்டுவது, பிறகு சோடியம் தயோசல்பேற்று கலந்த உப்புநீரில் ஒரு தரம், பிறகு சுத்தமான நிரம்பிய உப்புநீரில் இரண்டு தரம். தயோசல்பேற்று குளோரீனை முறிக்க. இல்லாவிட்டால் பளிங்கோடு போகிற பிளீச் ஊடகத்துக்குள் எல்லாவற்றையும் கொன்றுவிடும். வண்ண மீன் விற்கிற கடையில் குளோரீன் நீக்கி என்று கேட்டால் அந்தப் பளிங்குதான் தருவார்கள், 150 ரூபா. பிளீச்சை அமிலத்தோடு ஒருநாளும் சேர்க்க வேண்டாம், யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

அடைகாக்க ரெஜிபோம் பெட்டி, 40 வாற் குமிழ், கோழி முட்டை பொரிக்க வைக்கிறவர்கள் பாவிக்கிற வெப்பக் கட்டுப்படுத்தி. 40 பாகையில் வைத்தோம். உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், அதனால் போத்தலில் ஊடகத்தை ஆழமாக நிரப்பாமல் இரண்டு விரற்கடை மட்டும் விட்டு மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். தளர்த்தினால் வேறொரு தொல்லை வரும்: உப்பு கண்ணாடி வழியே ஏறி, வாயைத் தாண்டி வெளியே பூத்து இறங்கும். அந்தப் பூவோடு நுண்ணங்கியும் பக்கத்துப் போத்தலுக்குப் போகலாம். கழுத்தின் உட்பக்கம் வசலின் ஒரு வளையம் பூசினால் ஏறாது. போத்தல்களை ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள்.

இந்த முறையில் வைத்த தொகுதியில் பளிங்கு போடாதது தெளிவு. எங்கள் சுத்தப் பளிங்கு தெளிவு. பூசிக் கழுவியது தெளிவு. நிரம்பிய ஊடகத்தில் கிடந்த சாக்குப் பளிங்குகள் தெளிவு, பளிங்குகள் ஓரம் மழுங்காமல் அப்படியே இருந்தன. கரைய விட்ட சாக்குப் பளிங்குகளில் பெரும்பாலானவை தெளிவாகவே இருந்தன, சில மட்டும் பல கிழமை கழித்து மெல்லிய இளஞ்சிவப்புக்கு வந்து பிறகு நன்றாகச் சிவந்தன. குறைவாக வந்ததில் எனக்குக் கவலை இல்லை. அமெரிக்காவின் டெத் வேலியில் 22,000 முதல் 34,000 வருடப் பழைய உப்பில் ஷூபெர்ட், லோவென்ஸ்டீன் குழு ஏறக்குறைய 900 பளிங்குகளைச் சோதித்ததில் ஐந்தில்தான் வளர்ந்தது, அதற்கும் இரண்டரை மாதம் பிடித்தது.

சிவந்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஓரத்தால் நல்ல தண்ணீர் விட்டுப் பாருங்கள். குச்சி குச்சியாக நீந்தியவை உருண்டையாக ஊதி, அப்படியே இல்லாமல் போகும். உப்பு இல்லாமல் அவற்றின் சுவர் நிற்காது. இது உப்பு விரும்பிகள் என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் ஆர்க்கியாதான் என்று இதை வைத்து எழுத முடியாது. ஸ்பெயின் உப்பளங்களில் கண்டெடுத்து 2002இல் பெயரிட்ட சலினிபாக்டர் என்கிற உண்மையான பக்டீரியாவும் சிவப்புத்தான், அதற்கும் உப்பு வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் சொல்லக்கூடியது “உள்ளே இருந்தது” என்பது மட்டும். “எவ்வளவு காலமாக” என்பதற்குப் பதில் இல்லை. காரணம் எங்கள் மாரி. காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வன்னியில் கார்த்திகை, மார்கழியில் சாக்கு நனைந்து வடிகிறது, தையில் திரும்ப இறுகிறது. அப்படி இறுகும்போது போன மாதத்து நீரும் உள்ளே சிக்கும். மாமா ஏற்றிய காலத்துப் பளிங்கு என்று நான் நினைத்ததன் ஒரு பகுதி போன மாரியில் பிறந்ததாக இருக்கலாம். நியூ மெக்சிக்கோ உப்பிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது: பளிங்கு பழையது, உள்ளே இருக்கிற நீரும் அவ்வளவு பழையதா?

இதெல்லாம் ஏன் என்று பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். செவ்வாயைச் சுற்றுகிற ஒடிசி விண்கலம் அதன் தெற்கு மேட்டு நிலத்தில் ஏறக்குறைய 200 இடங்களில் குளோரைட்டு உப்புப் படிவுகளைக் காட்டியது, 2008இல் அது வெளிவந்தது. வற்றிப்போன நீர்நிலைகள் விட்டுப்போன உப்பு என்பதுதான் நல்ல விளக்கம். 1998இல் டெக்சாசின் மொனஹான்ஸில் விழுந்த விண்கல்லுக்குள் ஊதா நிற உப்புப் பளிங்குகள், அவற்றுக்குள் நீர். கதிர்வீச்சுப் பட்டுப் பட்டு உப்பு அப்படி நிறம் மாறியிருக்கிறது. 2023இல் பூமிக்கு வந்த பென்னு சிறுகோளின் மண்ணிலும் உப்புநீர் வற்றி விட்டுப்போன கனிமங்கள் இருந்தன. இவற்றில் எதிலும் உயிர் கிடைக்கவில்லை. ஆனால் ஒருநாள் செவ்வாய் உப்புக்கட்டி ஒன்று ஆய்வுகூட மேசைக்கு வந்து, அதிலிருந்து ஏதாவது வளர்ந்தால், முதற் கேள்வி நாங்கள் கேட்டதாகத்தான் இருக்கும். ரியுகு சிறுகோள் துணிக்கை ஒன்றில் நுண்ணங்கி இழைகள் தெரிந்தபோது, அவை பூமிக்கு வந்த பிறகு ஏறியவை என்று 2024இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாளாக நாளாக இழைகளின் எண்ணிக்கை கூடிப் பிறகு குறைந்ததை எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். “கிடைத்தது” என்று அறிவிப்பதை விட அது எவ்வளவோ கஷ்டம்.

செலவு: நுணுக்குக்காட்டி பள்ளிக்கூடத்தினுடையது. தராசு 1,800, வெப்பக் கட்டுப்படுத்தியும் பெட்டியும் குமிழும் 1,700, மாமைட், கிளிசரின், எப்சம் உப்பு எல்லாம் 1,500 அளவில், பிளீச், சிரிஞ்ச், வசலின், போத்தல்கள் 1,200, ஊதா ரோச்சும் கராம்பு எண்ணெயும் மீன்கடைப் பளிங்கும் மேலே சொன்னவை. மொத்தம் ஏழாயிரத்து அறுநூறு ரூபா. மூன்று மாதத்துக் கரண்ட் தனி.

அடுத்த முறை சாக்கை விட்டுவிட்டு, நாங்களே பாத்தி நீரில் பளிங்கு வளர்க்கப் போகிறோம். அகலத் தட்டில் கோடை வெயிலில் ஆனையிறவுச் சிவப்பு நீர், உருவான அன்றே எடுத்து ஈரம் ஒற்றி, சிலிக்கா ஜெல் பையோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடியை மெழுகால் அடைத்து, திகதி எழுதி வைப்பது. ஒவ்வொரு வருடமும் சில போத்தல் திறந்து மேற்சொன்ன எல்லா ஒப்பீட்டுப் போத்தல்களோடும் வளர்த்துப் பார்க்கலாம். அப்போது “எவ்வளவு காலம்” என்பதற்கும் எண் கிடைக்கும். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு வருகிறவர்களும் திறக்கட்டும் என்று நிறையவே போடுகிறோம்.

அதோடு ஒரு வேண்டுகோள். போரால் உப்பளம் நின்றுபோவதற்கு முன் அள்ளிய ஆனையிறவு உப்பு யாருடைய வீட்டிலாவது மூடிய சாடியிலோ போத்தலிலோ, மழை ஈரம் படாமல் கிடந்தால் தயவுசெய்து கழுவ வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம், கையால் கிளற வேண்டாம். எந்த வருடம், எங்கே இருந்தது என்று ஒரு துண்டில் எழுதிச் சாடியில் ஒட்டிவிட்டுச் சொல்லுங்கள். ஒரு பிடி போதும். எட்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட, நடுவில் பால்வெள்ளைப் பட்டி உள்ள பளிங்குகள் இருந்தால் இன்னும் நல்லது.